பேய்களை வெட்டிய படம்

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயச் செயலாளர் பிலிப்பு என்னைப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்து பிறப்பு நத்தாருக்கு ஆலய மண்டபத்தில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் போடுகிறார்களாம்; நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டுமாம். நத்தார் இரவில் கருமி ஒருவனிடம் பேய்கள் வருகின்றன. விடிய அவன் உத்தமனாகிவிடுகிறான். முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு இந்தச் சிறுபிள்ளைத்தனம்தான் மிச்சம். ஒரே இரவில் எவன் திருந்தினான்?

டிசம்பர் 11

தம்பி பிறேமுக்குப் பாரிசவாதமாம். ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். வீடு நான்கு ஒழுங்கை தள்ளி. செய்தி மரக்கறிக் கடையில் கிடைக்கிறது. அம்மாவின் பிரேதத்தை எங்கள் ஆலயத்துக்குக் கொண்டுவராமல், தான் புதிதாகச் சேர்ந்த சபையின் தகரக் கொட்டகையில் வைத்துக் கைதட்டிப் பாடி அனுப்பினவன். ஆறு வருடமாக ஒரு மன்னிப்பு இல்லை. முதலில் அவன் வரட்டும். — அவனாலை வரேலாதே இப்ப? அதுக்கு நான் என்ன செய்யிறது!

டிசம்பர் 14

ஆலய மண்டபத்தில் பேய்ப்படம் கூடாது என்று கமிட்டி முடிவு. "பேயள் வாற இடமெல்லாம் வெட்டியாச்சு மாஸ்ரர்," பிலிப்புக்குப் பெருமை வேறு. ஒன்றரை மணிப் படம் முப்பத்தைந்து நிமிடம். பேய்க்கதையில் பேயை எடுத்த மூளைகள்! உதுகளையும் நான்தானே படிப்பிச்சனான்.

டிசம்பர் 21

படம் போட்டார்கள். கருமி எரிந்து விழுகிறான், படுக்கிறான், எழும்புகிறான், சிரிக்கிறான். அண்டவிடாமல் வைத்திருந்த மருமகனின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுகிறான். நான் மைக்கில் என்னத்தைச் சொல்ல? "விடிந்துவிட்டது" என்றேன்.

மண்டபம் கூட்டுகிற தங்கமுத்து அக்கா பிறகு வந்து கேட்டா:

"மாஸ்ரர், அந்தாளுக்கு ராவு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"ஆரும் வந்து புத்தி சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஒருத்தரும் சொல்லாமல் தானாப் போய்த் தட்டினவரோ! உவர் பெரிய மனுசன்."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. பெரிய மனுசனாம்!

டிசம்பர் 24

நான்கு ஒழுங்கை நடக்கவென்று சப்பாத்தைப் போட்டேன். கழற்றினேன்.

டிசம்பர் 27

பிறேமின் மனைவி ரஞ்சினிக்குச் சவரம் செய்யத் தெரியவில்லை. அவன் தாடையெல்லாம் வெட்டுக்காயம். மூன்று நாளாக நான்தான் செய்துவிடுகிறேன். இன்று அவனுடைய பாஸ்டர் வந்து கத்திச் செபித்தார். அந்தத் தமிழைக் கேட்டால் நல்லாயிருக்கிறவனும் வருத்தம் வந்து படுப்பான்.

அவர் போன பிறகு பிறேம் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். வாய் கோணியிருக்கிறது, கதை விளங்குவதில்லை. மன்னிப்புக் கேட்டானோ, தண்ணீர் கேட்டானோ, எனக்குத் தெரியாது.

தண்ணீர் கொடுத்தேன்.