பாத்திரத்துக்குப் போகாத சேலை

7-11-93, ஞாயிறு

நடுவில் கிழிந்த பச்சைச் சேலையை அம்மா இன்று பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினாள். நான் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் மூட்டையிலிருந்து சேலையை உருவிக்கொண்டேன்.

"நம்ம ஊமையா இது? கிழிசலை வெச்சிகினு இன்னாடி பண்ணப் போற?" என்று பக்கத்து வீட்டு ராணி அக்கா சிரித்தாள்.

"ஓரமெல்லாம் நல்லாதான் கீதுக்கா. தீபாவளிக்கு சுடிதார் தைச்சுக்கப் போறேன்" என்றேன்.

"தீபாவளிக்குப் பழசா? தெருவே சிரிக்கும். நாளைக்கு அவர் வந்தா குடுத்துடு" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகக் கம்பெனியில் யார் யாருக்கோ தைக்கிறேன். எனக்கென்று ஒன்றும் தைத்ததில்லை.

சற்றுமுன் சேலையில் கத்தரி வைத்துவிட்டேன். சுடிதாருக்குக் கை இரண்டும் வெட்டியாயிற்று. துண்டுத் துணியை எந்தப் பாத்திரக்காரரும் எடுக்கமாட்டார். தெரு சிரிக்கட்டும்.