அக்கராயனில் நாம் பெயர் தேடிய பூ

இன்று காலை வவுனியாப் பூங்காவில், வேலியோரப் புல்லுக்குள் அந்தப் பூவைக் கண்டேன். செம்மஞ்சள் இதழ்களில் சிவப்புப் புள்ளிகள், விசிறிபோல விரிந்த இலைகள். யாரும் நட்டதாகத் தெரியவில்லை. நீர் காலமான செய்தி வந்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் பூங்காவுக்கே போனேன்.

அக்கராயனுக்கு நாம் இருவரும் புதிதாக வந்த ஆசிரியைகள். ஒரே அறையில் தங்கியிருந்தோம். புயலடித்த அந்த மார்கழியில் குளம் நிரம்பி வான்பாய்ந்து, பாதை அறுந்து, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. முல்லைத்தீவில் உம்முடைய அப்பா புயலன்று கடலுக்குப் போனாரா, கரையில் நின்றாரா என்று அறிய வழியில்லை. நீர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தீர்.

“கொஞ்சம் இரும். நடந்தால் செய்தி வந்திடுமோ?” என்றேன்.

“இருந்தால் மட்டும் வருமோ?” என்று கேட்டுவிட்டு வெளியே இறங்கினீர். நானும் பின்னால் வந்தேன்.

நீர்ப்பாசனத் திணைக்கள விடுதியை ஒட்டிய பூங்கா கவனிப்பாரற்றுக் கிடந்தது. நடைபாதையை மூடி இந்தப் பூக்கள் பரவி நின்றன. என்ன பூ என்று கேட்டீர். எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு உமக்கு அதுவே வேலையாயிற்று. பொழுதுபடப் பூக்களெல்லாம் பிழிந்த துணிபோல முறுகிவிட்டன. மறுநாள் விடிந்ததும் புதிதாக விரிந்த ஒன்றைப் பறித்து, சேற்றுக்குள்ளால் விவசாயப் போதனாசிரியர் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனீர்.

“லில்லிதானே, டீச்சர்,” என்றார் அவர்.

“லில்லிக்கு ஆறு மகரந்தக் கேசரம் இருக்கும். இதிலை மூண்டுதான். வடிவாப் பாருங்கோ.”

பூவை அவருடைய முகத்தருகே நீட்டினீர். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். மூவருமாகப் படம் படமாகப் புரட்டினோம்.

“ஐரிஸ் குடும்பம்,” என்றார் கடைசியில், படத்துக்குக் கீழிருந்த பெயரையும் வாசித்துவிட்டு. “சீனப் பக்கத்துப் பூ. ஆரோ ஒரு வெள்ளைக்காரத் துரை வடிவுக்குக் கொண்டுவந்து வைச்சிருப்பார். இப்ப தன்பாட்டிலை காடாப் போச்சு.”

அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தீர். பிறகு என் பக்கம் திரும்பி, “இனி என்ன செய்யிறது?” என்றீர்.

பின்னேரம் லொறி ஒன்றில் உம்முடைய தம்பி வந்து இறங்கினார். “அக்கா, அப்பான்ரை வள்ளம் மட்டும்தான் கரை ஒதுங்கினது,” என்றார். நீர் அழவில்லை. மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினீர்.

மாசியில் கறுப்புச் சேலையோடு திரும்பி வந்தீர். அப்பாவைக் கடல் தரவேயில்லை. அவரைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீரும் சொல்லவில்லை. ஒருநாள் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, நீராகவே சொன்னீர்: “அந்தப் பூவின்ரை பேர் தெரிஞ்சு எனக்கு ஒண்டும் ஆகேல்லை. ஆனா நீர் என்னோடை வந்தனீர்.”

இடமாற்றங்கள் நம்மைப் பிரித்தன. போன மாரிகாலத்தில், கணவனை வார்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வளவைச் சுற்றிச் சுற்றி நடந்த ஒரு பெண்ணைக் கண்டேன். யாரென்று தெரியாது. மர வாங்கில் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம்வரை அவளோடு நடந்தேன்.