ஓய்வு நேரச் செபமாலை

நாள் 412, காலை
வியாழனின் நிலவு யூரோப்பா, பனி நிலையம். பொறுப்பாளர்: ஸ்கொலாஸ்டிகா ரோச், மூளையியல் ஆய்வாளர், வயது எழுபத்தொன்று, தனி ஆள்.
மாதாந்தர ஸ்கேன் முடிந்தது. கண்ணை மூடி, ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும். ஓய்வில் மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கருவி பார்க்கும். நெடுந்தனிமையில் அந்த இணைப்புகள் தளரும். அடுத்தடுத்து இரண்டு ஸ்கேன்களில் வரம்புக்குக் கீழே போனால் நிலையக் கணினி பொறுப்பை எடுத்துக்கொண்டு என்னை உறைதூக்கத்தில் போடும், துளைப்பானும் நிற்கும். அந்த விதியை எழுதியவள் நானே.
துளைப்பான் பனிக்கு அடியிலுள்ள கடலை நெருங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

நாள் 413, காலை
பூமியிலிருந்து மருத்துவர் செழியன்: "மேடம், கோச்சுக்காதீங்க. மொழிப் பகுதிக்கும் ஞாபகப் பகுதிக்கும் நடுவுல இணைப்பு பாதியா குறைஞ்சிருக்கு. பழைய படம் எதுலயும் இப்படி இல்ல. இன்னொரு ஸ்கேன் எடுங்க. அதுவும் இப்படியே வந்தா, நீங்க போட்ட ரூல்தான், தூங்கப் போயிருங்க."
என் விதியை எனக்கே ஒப்பிக்கிறார்.

நாள் 413, மாலை
காரணம் பிடிபட்டது. தூத்துக்குடி கான்வென்ட் விடுதியில் மதிய உணவுக்குப் பின் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். தூங்கக் கூடாது, உதடு அசையாமல் செபமாலை சொல்ல வேண்டும். சிஸ்டர் ஃபெலிசிட்டா கட்டில் கட்டிலாக வந்து உதட்டைப் பார்ப்பார். அன்றிலிருந்து கண்ணை மூடிப் படுத்தாலே செபமாலை தானாக ஓடும். பழைய படங்கள் யாவும் செபம் சொல்லும் மூளையின் படங்கள். நேற்று முதன்முறையாக அது ஓடவில்லை. உண்மையான ஓய்வு. அதைக் கருவி நோய் என்கிறது.
செழியனுக்கு எழுதினேன். பதில்: "அட, அப்ப சிம்பிள் மேடம். மறுபடி செபமாலை சொல்லிருங்க. படம் பழையபடி வந்திரும். யாரு கேக்கப் போறா?"
கருவியை ஏமாற்றுவதற்காக மாதாவைக் கூப்பிடமாட்டேன். பாதி நேரம் ஓய்வு, பாதி நேரம் செபம். இரண்டையும் அருகருகே வைத்து நிரூபிப்பேன்.

நாள் 414, காலை
ஓய்வுப் பாதி முடிந்தது. செபப் பாதியைத் தொடங்கினேன். முதல் வரி வந்தது. அடுத்தது வரவில்லை. மறுபடி தொடங்கினேன். வரவில்லை.
கருவி சொன்னது சரி. நேற்று முன்தினம் எனக்குக் கிடைத்தது ஓய்வு அல்ல. இதைத் திருத்தாமல் பதிவு செய்கிறேன்.

நாள் 414, பிற்பகல்
செழியன்: "படம் பாத்தேன் மேடம். ப்ளீஸ், அடம் புடிக்காதீங்க. உறைதூக்க அறைக்குப் போங்க."
மறைந்த என் கணவர் கப்ரியேலும் அதை அடம் என்றுதான் சொல்வார். கணினியின் கட்டளைக் கம்பியை வெட்டிவிட்டேன். விதி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன்: செபத்தை மறந்தவளால் துளைப்பானை ஓட்ட முடியுமா என்று எந்தப் படமும் காட்டாது. முடிகிறது. கைக்குத் தெரிகிறது.

நாள் தெரியவில்லை
துளை நீரைத் தொட்டது. கறுப்பு நீர். விளக்கைப் போட்டேன். ஏதோ விலகிப் போனது. திரும்பி வந்தது. விளக்கைச் சுற்றுகிறது. உயிர்.
அதற்கு ஒரு சொல் உண்டு. நீரில் இருக்கும். வாலை ஆட்டும். வலையில் வரும். தூத்துக்குடிக்காரிக்குத் தெரியாத பொருளா அது.
சொல் போகட்டும். நான் தூங்கவில்லை. விழித்திருந்து பார்த்தேன். இதைக் கண்டெடுப்பவர் எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் பார்த்தவள் கப்ரியேலின் மனைவி. என் பெயர்