கோல் இல்லாத கோடை

ஏப்ரல் 13

மொன்றியலில் ரொக்ஸ்பரோவுக்கு வந்து இரண்டு கிழமை. பெரியம்மா வீட்டின் நிலக்கீழ் அறை எனக்கு. மேலே பெரியப்பா நடந்தால் என் தலைக்கு மேலே ரயில் போகும்.

இன்று பயிற்சி இல்லை. பெரியம்மாவோடு தேவாலயத்தில் பூசைக்குப் போனேன். முடிந்ததும் கோயில் வாசலில் என்னை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். "இது என்ட தங்கச்சிட மகள், வதனி. அமெரிக்காவில இருந்து வந்திருக்கா. ஃபுட்போல் பிளேயர். சம்பளத்துக்கு விளையாடுறா." எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அது சரி, என்ன வேலை செய்றீங்க?"

இதுதான் வேலை. ஒஹாயோவில் பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன். பிறகு அமெரிக்காவிலேயே மூன்று கழகங்கள். முதலாவது கழகம் என்னை 'எதிர்காலம்' என்றது. இரண்டாவது 'அனுபவம்' என்றது. மூன்றாவது மின்னஞ்சலில் 'நன்றி' என்றது. இப்போது மொன்றியல். ஒரு வருட ஒப்பந்தம். முப்பது வயது முன்கள ஆட்டக்காரிக்கு அதற்கு மேல் யார் கொடுப்பார்கள்?

ஏப்ரல் 27

முதல் ஆட்டம். எனக்கு முன்னால் கோல்காப்பாளர் மட்டும்தான். பந்தை அவளுடைய கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள்கூட ஆச்சரியப்பட்டாள்.

பெரியப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு வந்திருந்தார். காரில் வரும்போது, "கோல் வாசல் எவ்வளவு பெரிசு புள்ள! என்ட பெட்டி வண்டி ரெண்டு பக்கத்தில பக்கத்தில போகும். நானெண்டா கண்ண மூடிக்கொண்டு அடிச்சிருப்பன்" என்றார்.

நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் அடித்தேன். அதுதான் பிழையோ?

மே 10

பாராட்டு விழா. நான் இன்னும் ஒரு கோலும் அடிக்கவில்லை என்று இங்குள்ள தமிழ் மன்றத்தின் தலைவர் அருமைராசாவிடம் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன். "அதுக்கென்ன பிள்ளை, அடிச்சாப் பிறகு மண்டபம் கிடைக்காது. இப்பவே செய்து விடுவம்" என்றார்.

மண்டபம் நிறைய ஆட்கள். என்னைப் பாராட்டுவதற்கு முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டி முடிக்கவேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: 'கோல் அரசி வதனி'. அதில் இருந்த படம் நான் இல்லை. எங்கள் அணியின் பிரேசில்காரி. அருமைராசாவின் காதில் மெல்லச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "தூரத்தில இருந்து பார்த்தா ஒண்டுதான் பிள்ளை" என்றார்.

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, நான் எங்கள் மண்ணின் மகள் என்று முழங்கினார். அவர் யாழ்ப்பாணம். நான் மட்டக்களப்பு, பத்து வயதில் அமெரிக்கா. எந்த மண் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்தியதைவிட அவருக்குப் போர்த்தியது நல்ல துணி.

மே 31

இன்றும் இல்லை.

கழகத்தின் ஊடகப் பிரிவில் பற்றிக் என்று ஒரு பொடியன். நல்லவன். நான் தவறவிட்ட பந்துகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து, சோக இசை போட்டு, 'அருகில் வந்துகொண்டிருக்கிறாள்' என்று தலைப்பிட்டு வெளியிட்டிருக்கிறான். கழகத்தின் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்த காணொளி அதுவாம். எனக்கு வாழ்த்துச் சொன்னான்.

ஆட்டத்தை அலசும் கணினி நிரல் ஒன்று இருக்கிறது. எனக்குக் கிடைத்த வாய்ப்புகளுக்கு இதுவரை நான் நாலு கோலாவது அடித்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கணினிக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கை இந்த ஊரில் வேறு ஒருவருக்கும் இல்லை.

ஜூன் 14

பெரியம்மா சூசையப்பர் மலைக்கோயிலின் படிகளில் முழங்காலில் ஏறிவிட்டு வந்திருக்கிறார். எனக்காக. ஒரு கோலுக்காக. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு அழுகை வந்தது. ஒரு பந்தை வலைக்குள் தள்ளத் தெரியாததற்கு அறுபது வயது தாண்டிய மனுஷி ஏன் முழங்காலில் ஏறவேண்டும்?

அங்கிருந்து கொண்டுவந்த எண்ணெயை என் வலது காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரை செபம் சொல்லிச் சொல்லித் தேய்த்தார். போத்தல் முடிந்ததும்தான் சொன்னேன்.

"பெரியம்மா, நான் இடது காலால அடிக்கிறவள்."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே, புள்ள!"

ஜூன் 15

பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. வலது காலால் அடித்தது.

ஜூலை 5

கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். கெல்சி. இருபது வயது. முன்களம். உடை மாற்றும் அறையில் எனக்குப் பக்கத்து இடம். பற்றிக் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தலைப்பு என்னவென்று கேட்டேன். "எதிர்காலம்" என்றான்.

இன்று ஆட்டம் முழுக்க நான் மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கோல் அடித்தாள். கைதட்டினேன். நன்றாகத்தான் தட்டினேன் – கமரா என் பக்கம் திரும்பும் என்று தெரியும்.

எனக்கு என்ன நடந்தது? கால் மறந்துபோச்சா? இவ்வளவு காலமும் இருந்தது இப்ப எங்க போச்சு?

ஜூலை 19

ஹலிபக்ஸ். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். பின்களத்தில் ஒருத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அடுத்தவள் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பயிற்சியாளர் யோசெப்பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். வாங்கில் பின்கள ஆட்டக்காரி ஒருத்தியும் இல்லை.

"வதனி, பின்னுக்குப் போ."

அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கும். அதனால் பின்னுக்கு என்றால் வாங்கின் பின்பக்கம் என்று நினைத்துக்கொண்டு எழும்பி அங்கே போய் நின்றேன். முழு வாங்கும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைதானத்தைக் காட்டினார்.

போனேன். அவர்களுடைய முன்களக்காரி பந்தோடு என்னை நோக்கி வந்தாள். இடது தோளைத் தாழ்த்தினாள். வலது பக்கம் வெட்டப்போகிறாள் என்று தெரிந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்வேன், எட்டு வருடமாக. காலை நீட்டினேன். பந்து என்னிடம் இருந்தது. மறுபடி வந்தாள். மறுபடியும் எடுத்தேன். அவள் செய்யப்போவதெல்லாம் நான் செய்து தோற்றவை.

வென்றோம். ஒருத்தி வந்து கட்டிப்பிடித்தாள். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஜூலை 22

யோசெப்பின் கூப்பிட்டார். மிச்சப் பருவம் முழுக்கப் பின்களத்தில் ஆடச் சொல்கிறார்.

"நான் முன்கள ஆட்டக்காரி" என்றேன்.

"தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒஹாயோவுக்கு அழைத்து அம்மாவிடம் சொன்னேன். "பின்னுக்கு நிண்டா ரீவில தெரிவியா மகள்?" என்று கேட்டார்.

ஜூலை 23

நித்திரை வரவில்லை.

அமெரிக்கா போன முதல் வருடம் எனக்கு ஆங்கிலத்தில் 'தண்ணீர்' மட்டும்தான் ஒழுங்காகக் கேட்கத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் ஓரமாக நிற்பேன். ஒருநாள் ஆள் குறைவென்று கூப்பிட்டார்கள். வேகமாக ஓடுவேன் என்பதால் முன்னுக்கு விட்டார்கள். மூன்று கோல். அடுத்த நாள் வகுப்பு முழுக்க என் பக்கத்தில் உட்காரச் சண்டை.

கோல் அடிச்சாத்தான் நான் ஒரு ஆள். அதுக்குப் பிறகு வேற மாதிரி இருந்து பழகவே இல்லையே! இப்ப வந்து பின்னுக்குப் போ எண்டா – அங்க நிக்கிறது ஆரு? அவளை எனக்குத் தெரியாது.

ஜூலை 24

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 9

பயிற்சியில் கெல்சிக்கு எதிராக நின்றேன். ஒரு பந்தையும் விடவில்லை. அவள் என்னோடு கதைப்பதில்லை. இன்று தன் பொருட்களை எடுத்துக்கொண்டு அறையின் மறுமூலைக்குப் போய்விட்டாள்.

அழுதாளோ தெரியாது. ஐயோ பாவம். ஆனால் நாளைக்கும் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 23

அருமைராசா அழைத்தார். மன்றத்தின் விளையாட்டு விழாவாம்.

"பிள்ளை, கேள்விப்பட்டன், உங்களைப் பின்னுக்கு விட்டிட்டாங்களாம். முன்னுக்கு எடுக்கச் சொல்லி நாங்கள் ஒரு கடிதம் குடுப்பமோ?"

"வேண்டாம் அங்கிள். நான்தான் சம்மதிச்சனான்."

"ஓ." அந்த 'ஓ' நீண்டது. "அப்ப, கோல் அடிக்கிற அந்த வெள்ளைப் பிள்ளையின்ர நம்பர் இருக்கோ? சீஃப் கெஸ்ற்றா கூப்பிடுவம்."

"அவ எங்கட மண் இல்லையே, அங்கிள்?"

"பிள்ளை, விளையாட்டுக்கு ஏது மண்?"

நம்பரைக் கொடுத்தேன். கெல்சிக்கும் ஒரு பொன்னாடை கிடைக்கட்டும்.

செப்டெம்பர் 20

ரொறன்ரோ. கோல்காப்பாளரைத் தாண்டிப் போன பந்தைக் கோட்டில் வைத்து வயிற்றால் மறித்தேன். மூச்சு நின்றுபோய்ப் புல்லில் கிடந்தபோது மேலே வானம் நல்ல நீலமாக இருந்தது.

காரில் பெரியப்பா, "நானெண்டா அத நெஞ்சில வாங்கியிருப்பன்" என்றார். எப்போதிலிருந்து இவர் பின்களக்காரர் ஆனார்?

அக்டோபர் 9

இரண்டு வருட ஒப்பந்தம். யோசெப்பினின் மேசையிலேயே கையெழுத்து வைத்தேன். வீட்டில் சொன்னதும் பெரியம்மா இறால் குழம்பு வைத்தார். அம்மா தொலைபேசியில் அழுதார். சந்தோஷமா, இனிமேல் முன்னுக்கு வரமாட்டேன் என்றா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 18

கடைசி ஆட்டம், ஒட்டாவாவோடு. சமநிலை போதும், அரையிறுதிக்குப் போவோம். அவர்களுக்கு வெற்றி வேண்டும்.

அவர்களுடைய முன்களக்காரிக்கு என் வயது இருக்கும். முழங்காலில் பழைய தையல். பின்னேரம் முழுக்க அவளும் நானும்தான். தோளைத் தாழ்த்தினாள், நிமிர்த்தினாள், பொய்யாகத் தடுமாறினாள், என் சட்டையைப் பிடித்தாள், ஒருமுறை தன் மொழியில் வைதாள். கடைசி நிமிடத்தில் பந்து அவளுடைய நல்ல காலுக்கு வந்தது. அவள் அதை எந்தப் பக்கம் எடுப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை. போய் நின்றேன். பந்து என்னில் பட்டு வெளியே போனது. விசில்.

பூச்சியம், பூச்சியம். மேலே பார்வையாளர் வரிசையில் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் யார் வென்றது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடம் போனேன். புல்லில் இருந்தாள். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எப்போதுமே பின்களமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவளுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்திலும் அதையே சொன்னேன்.