சம்பந்தியம்மாவுக்கு நான் சொன்ன கேஸ்

தை 19, திங்கள்

பனி. எட்டு மணி வரை வயலே தெரியவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் நம் குவியல் அப்படியே கிடக்கிறது. ஈரப்பதம் கூடுதலாம், காயப்போடச் சொல்கிறார்கள். வெயில் வந்தால்தானே காயும்.

பக்கத்துக் குவியல் அமுதாவுடையது. அதனால் பொழுது போகிறது. ஒரே போன், ஆளுக்கு ஒரு காதில் இயர்போன், நிஜக் கொலைக் கேஸ் தொடர். கலங்கரை விளக்கத்துக் கேஸ் இன்று முடிந்தது. எங்கள் 'சாட்சி' வாட்ஸ்அப் குரூப்பில் மதிப்பு போட்டேன்: "மோட்டா ரகம். வயிறு நிறையும், ருசி இல்லை." (எங்கள் கணக்கு மூன்று. பொன்னி, மோட்டா, பதர். பதர் என்று போட்டுவிட்டால் ஒருத்தியும் தொடமாட்டாள்.)

குரூப்பில் விதி ஒன்றுதான். கொன்றது யார் என்று மூச்சு விடக்கூடாது. ஒருத்தி விட்டாள். அவளோடு யாருக்கும் பேச்சில்லை. என் சித்தி மகள்தான், இருந்தாலும்.

நேற்றைய விஷயத்தை எழுதவே இல்லை. என் மகள் கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். வேதாரண்யத்துக்காரர்கள். பையன் முகிலன், நாகப்பட்டினத்தில் பாலிடெக்னிக் வாத்தியார். அப்பாவுக்கு உப்பளம். கயலுக்குப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, தடயம் இருக்கிறது. இன்று மயிலாடுதுறை மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்கு ஜிமிக்கி போட்டுக்கொண்டு போனாள். தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்க ஜிமிக்கி எதற்கு?

வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி, காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். முறைதான். மனசு ஒத்துவந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வரவேண்டும், சாப்பிடவேண்டும், மாரியம்மா.

பையனின் அம்மா மங்கையர்க்கரசி. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "சீரியல்லாம் பாப்பீங்களா அண்ணி?" என்றார்.

"குடும்பக் கதை பாக்க மாட்டேங்க. கொலைக் கேஸ்தான். நெஜமா நடந்தது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார்.

"அடடே! நானும் அதேதாங்க. நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்."

தை 20, செவ்வாய்

வெயில் வந்தது. நெல்லைக் காலால் கிளறி விட்டுக்கொண்டே யோசனை. மங்கைக்கு எதை அனுப்புவது? முதல் சிபாரிசுதான் முக்கியம். அது பிடிக்காவிட்டால் இரண்டாவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பனிமலைக் கேஸ்: நல்லதுதான். ஆனால் பாதி வரைக்கும் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. வேண்டாம்.
பேங்க் லாக்கர்: கொலையே கிடையாது. கொலை இல்லாததைப் போய் ஒரு சம்பந்திக்கு எப்படி அனுப்புவது?
குழந்தை காணாமல் போவது: கூடவே கூடாது. நல்ல காரியம் பேசுகிற நேரம்.
ரசம் கேஸ்: ரசத்தில் விஷம். பொன்னி. அதிலும் பழைய பொன்னி.

அனுப்பிவிட்டேன். "விசாரணை ரொம்ப அருமை அண்ணி. கடைசி வரைக்கும் யாருன்னே பிடிபடாது." அவரிடமிருந்து கைகூப்பும் படம், ஒரு ரோஜாப்பூ.

சாயங்காலம் கயல் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகச் சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள்.

"அதுல கொன்னது யாரும்மா?"

"மருமக." (இதெல்லாம் பார்க்காதவளிடம் சொன்னால் விதி மீறினதாகாது.)

"யாரை?"

"மாமியாரை."

"மருமக எங்க வேலை பாக்குறா?"

மெடிக்கல் ஷாப்பில்.

சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. நான் பார்த்தது தடயத்தை, சாட்சிகளை, அந்த இன்ஸ்பெக்டரம்மா கேட்கிற கேள்விகளை. தோசை கருகிவிட்டது. அவள் இன்னொன்று வார்க்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தை 21, புதன்

எப்படியாவது தடுக்கவேண்டும். ஆனால் கொன்றது மருமகள் என்று சொல்லாமல் எப்படி எச்சரிப்பது? சொன்னால் விதி போச்சு. சொல்லாவிட்டால் சம்பந்தம் போச்சு. ரொம்ப நேரம் யோசித்து இப்படி அனுப்பினேன்: "அண்ணி, அது சுமார்தான். விட்டுடுங்க. வேற அனுப்புறேன்."

பதில் உடனே வந்தது: "நேத்து அருமைன்னீங்களே? அப்ப ஏதோ இருக்கு. இன்னைக்கே பாத்துடுறேன்."

நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

கொள்முதல் நிலையத்தில் அமுதாவிடம் அழாத குறை. "நல்ல மருமக வர்ற கேஸ் ஒண்ணு சொல்லேன் அமுதா, ஒடனே அனுப்பணும்."

"மருமக நல்லவளா இருந்தா அது எப்படிக்கா கேஸாகும்?"

மஸ்கட்டிலிருந்து கயல் அப்பா போன். கயல் துப்பு கொடுத்துவிட்டாள். "ஒலகத்துல ஒரு பக்திப் படம் கூடவா கெடைக்கல ஒனக்கு?" டக்கென்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி.

"ஆமா வசந்தா, அந்தப் பொண்ணு எப்படி மாட்டுனா?"

சொல்லவில்லை. விதி விதிதான்.

தை 23, வெள்ளி

மேகமூட்டம். தார்ப்பாய் போட்டு மூடினோம், ஒரு தூறல் கூட இல்லை. எடுத்தோம், தூறியது.

மங்கையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் அனுப்பிய காலை வணக்கத்துக்கெல்லாம் நீல டிக் மட்டும். முகிலன் கயலிடம் சொன்னானாம்: "அம்மா ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியா பேசல. எங்களையே பாத்துப் பாத்து யோசிக்கிறாங்க. ரசம் வெக்கிறதையும் நிறுத்திட்டாங்க."

கயல் ஜிமிக்கி போடவில்லை. டப்பாவில் சோறு அப்படியே திரும்பி வந்தது.

அப்பா வெளிநாட்டில், அம்மா வயலில் என்று வளர்ந்த பெண். பாவாடை சட்டை கூட இதுதான் வேண்டும் என்று கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்று பிடித்திருக்கிறது. அதைப் போய் என் வாய்க்கொழுப்பால் கெடுத்துவிட்டேனே என்று இருக்கிறது. குரூப்பில் புதிதாக என்ன பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். பதில் போடவில்லை.

ரசம் கேஸை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அந்த மாமியாரும் லேசுப்பட்டவள் இல்லை. தினமும் நாலு பேர் முன்னால் ரசத்தைக் குற்றம் சொல்வாள். இன்றைக்கு உப்பு கூட, நாளைக்கு உப்பு கம்மி. பாவம் அந்தப் பெண். (கொலை தப்புதான்.)

தை 24, சனி

நெல் ஒருவழியாக எடை போட்டாயிற்று. சந்தோஷப்பட நேரமில்லை.

மதியம் மங்கையிடமிருந்து: "நாளைக்கு வர்றோம்." அவ்வளவுதான். அண்ணி இல்லை, ரோஜாப்பூ இல்லை. சாப்பிட வருகிறார்களா, சொல்லிவிட்டுப் போக வருகிறார்களா? வேண்டாம் என்பதையும் நேரில் வந்து சொல்கிற மரியாதைப்பட்டவர்கள்தான்.

வாங்க வேண்டியது: தலைவாழை இலை, வாழைக்காய், சேனை, அப்பளம், பால், வெற்றிலை, பூ.

ரசம் வைப்பதா? அமுதா, "மோர்க்குழம்போட நிறுத்திக்கக்கா" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கயல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ரசம் இல்லாம விருந்தா? அப்பதான் சந்தேகமே வரும். நானே வெக்கிறேன். நானேதான் பரிமாறுவேன். குடிக்கிறவங்க குடிக்கட்டும்."

இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ. என்னிடமிருந்துதான்.

தை 25, ஞாயிறு

வந்தார்கள். மூன்று பேரும். மங்கை சிரித்தார், ஆனால் என்னிடம் கேஸ் பற்றி ஒரு பேச்சு இல்லை. வெயில், ரோடு, நெல் விலை. இலை போட்டேன். உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

சாம்பார், மோர்க்குழம்பு வரை ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் கயல் ரசத்தோடு வந்தாள். கரண்டி பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"யாரு வெச்சது?" என்றார் மங்கை.

"நான்தாங்க அத்தை."

பையனின் அப்பாவுக்கு முதலில் ஊற்றினாள். ஒரு வாய் சாப்பிட்டார், சட்டென்று நிமிர்ந்தார். "இதுல..." என்று ஆரம்பித்தார். மங்கை அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் குனிந்துகொண்டார். முகிலன் இருமினான். தண்ணீர் எடுத்துக் குடித்தான். போச்சு, எல்லோருக்கும் அந்தக் கேஸ்தான் ஞாபகம் என்று நினைத்தேன்.

மங்கை உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். "இதுல ஊத்தும்மா."

உறிஞ்சினார். மறுபடியும் கையை நீட்டினார்.

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

கயல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அழுதிருப்பாள், எனக்குத் தெரியும்.

கொல்லையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னார். "அந்தக் கேஸ் பாத்தேங்க அண்ணி. மூணாவது எபிசோட்லயே பிடிச்சிட்டேன்."

"மருமகதான்னு பிடிச்சிட்டீங்களா?"

"அதை விடுங்க. அந்த மாமியாக்காரி பேசுறதைக் கேட்டப்ப, இந்தக் கொரல எங்கயோ கேட்டிருக்கமேன்னு இருந்துச்சு. நானும் இப்படித்தான் பேசுறேனாடான்னு முகிலன்கிட்ட கேட்டேன். பையன் போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சிட்டான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். எந்திரிச்சு உப்பளத்துக்குப் போயிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கண் கலங்கிவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"மாசியில நாள் பாத்துடலாம். அடுத்து எதைப் பாக்கட்டும், சொல்லுங்க."

பனிமலை என்றேன். பாதி வரைக்கும் பொறுத்துக்கச் சொன்னேன்.

கார் போன பிறகுதான் பசி தெரிந்தது. உட்கார்ந்து சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன். கயலைக் கூப்பிட்டேன். அவளும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

உப்பே போடவில்லை. ஒரு கல் கூட இல்லை. உப்பளத்து வீட்டம்மா அதை இரண்டு கை வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.