இரண்டு பெருக்கல் குறி

என் எலிக்குட்டிக்கு,

பாட்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எங்கள் யார் போனையும் நீ எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இங்கே நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கம்ப்யூட்டர் எரிந்த பிறகு, வீடு கட்டுகிறவர்கள் யாரும் உன் அப்பாவிடம் படம் கேட்டு வருவதில்லை. கட்டாத வீட்டை ஜன்னல் வெளிச்சத்தோடு கண்முன் நிறுத்திய மனுஷன், ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் நின்று அடுத்தவர் சான்றிதழை நகல் எடுக்கிறான். கால் வீங்கிவிடுகிறது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். உன் அம்மா தினமும் உன் படுக்கையை உதறி விரித்துவிட்டு அப்படியே நிற்கிறாள்.

நீ வேண்டுமென்று எரிக்கவில்லை. அப்பாவின் அவசர வேலை முடியட்டும் என்றுதான் ஓவர்கிளாக் செய்து வேகத்தை ஏற்றினாய். கடிகாரத்தை முடுக்கினால் பொழுது சீக்கிரம் போய்விடுமா என்று கேட்டேன், சிரித்தாய். "இனிமே இந்த வீட்டுல எதையும் தொடாதே" என்று உன் அப்பா கத்தியது தப்புதான். ஆனால் தொடாதே என்றானே தவிர, போ என்று சொல்லவில்லையே கண்ணு.

போன வாரம் உன் மேஜையைத் துடைத்தபோது இழுப்பறையில் ஒரு சீட்டு. உன் எழுத்து. புது மதர்போர்டுக்காக இரண்டு பெயர் எழுதி வைத்திருந்தாய். படத்துக்கு வேகம் கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு இரண்டும் எரியாமல் தப்பித்துப் பீரோவில் துணி சுற்றிக் கிடக்கின்றன. இந்தப் பலகை மட்டும் வந்தால் போதும் என்று உன் அம்மா சொன்னாள். அதற்குத் தாய்ப்பலகை என்று அர்த்தமாமே! பேரைக் கேட்டதும் யாரிடமும் சொல்லாமல் நானே கிளம்பிவிட்டேன்.

கம்ப்யூட்டர் கடைப் பெண் நல்லவள். "பாட்டி, ரெண்டு கார்டும் போடணும், வேகமும் ஏத்தணும்னா மேல எழுதியிருக்கறதுதான் சரி. கீழ இருக்கறது சூடு தாங்காது, ரெண்டாவது கார்டு சும்மா பேருக்கு உட்கார்ந்திருக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்பேனா? "நான் அஞ்சாவதுல முதல் மார்க்கும்மா. என் பேரன் மேல உள்ளதுக்குத் தப்பு போட்டிருக்கான், அதுவும் ரெண்டு தடவை. யாருகிட்ட கதை விடுற?" என்றேன். அந்தப் பெயருக்கு நேரே ×8, ×8 என்று நீ எழுதியிருந்தாய். எங்கள் டீச்சர் தப்புக் கணக்குக்கு அப்படித்தான் போடுவார். கீழே இருந்ததில் ஒரு குறியும் இல்லை. அதையே வாங்கிவந்தேன்.

உன் அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யார் சொல்லி வாங்கினாய் என்று கேட்டான். சீட்டை நீட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அது தப்புக்குறி இல்லம்மா. ரெண்டு கார்டுக்கும் எட்டு எட்டுப் பாதையா சமமாப் பிரிச்சுக் குடுக்கும்னு எழுதியிருக்கான். சரியாத்தான் பார்த்து வெச்சிருக்கான்" என்றான். ஏழு மாதத்தில் உன்னைப் பற்றி அவன் பேசியது இதுதான் முதல் தடவை. சீட்டை எனக்குத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தச் சட்டையைத் துவைக்கவும் போடவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைப் பெண் சொல்கிறாள். உன் அப்பாவைப் போகச் சொன்னேன். "மாட்டத் தெரிஞ்சவன் வந்து பார்த்து வாங்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொன்று. அவன் அறைக் காலண்டரில் தினமும் அதே பெருக்கல் குறியைப் போடுகிறான். ஜெராக்ஸ் கடைக்குப் போன நாட்களாக்கும் என்று நினைத்திருந்தேன். நேற்றுதான் கவனித்தேன், ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். முதல் குறி, நீ போனதற்கு மறுநாள்.

பெட்டியை நான் பிரிக்கவில்லை. உன் கை தொட்டால் எல்லாம் ஓடும். நன்றாக இரு சாமி. மாதம் முடிய இன்னும் ஒன்பது கட்டம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்