அவனுக்கு எறியாதே

ஹார்லன் கிரீக், ஆர்கன்சா
நவம்பர், திங்கட்கிழமை மாலை

அன்புள்ள வைலிக்கு,

டேரியனின் அம்மா எழுதுகிறேன். நலம்தானே? தோள்பட்டை வலி குறைந்ததா? கடலை மிட்டாய்ப் பெட்டியின் அடியில், காகிதத்துக்குக் கீழே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். மிட்டாயை அவனோடு பங்கு போட்டுத் தின்னு, கடிதத்தை மட்டும் தனியாகப் படி. ஒரே அறையில் இருக்கிறீர்கள். உன் போனை அவன் எடுப்பான், அவன் போனை நீ எடுப்பாய். அதனால்தான் மெசேஜ் அனுப்பவில்லை. தபாலாபீசில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் நான், எனக்காக ஒன்று எழுதினால் குறைந்துபோய்விட மாட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம். நம் சின்னவள் கியாரா பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் ஊதப் பழகுகிறாள், பக்கத்து வீட்டு நாய்தான் பாவம். நேற்று சர்ச்சில் பாஸ்டர் உங்கள் காலேஜ் ஃபுட்பால் அணிக்காக ஜெபம் செய்தார். செய்தவர் சும்மா இருக்காமல், பந்து பிடிக்க ஆள் இல்லாமல் பிள்ளைகள் தவிக்கிறார்கள் என்று ஆண்டவரிடம் புகாரும் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் இப்படியா இருந்தது? நீ எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்க ரிசீவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஓடவும் தெரியும், பிடிக்கவும் தெரியும். நீ பந்தை வாங்கிப் பின்னால் நகர்ந்தால், யார் பின்னால் ஓடுவது என்று எதிரணிக்காரன் முழிப்பான். இவனை மறித்தால் அவன், அவனை மறித்தால் இன்னொருவன். டேரியன் நாலைந்து பந்து பிடித்துவிட்டு, வேறொருவன் உள்ளே போனதும், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கூட்டத்தில் என்னைத் தேடிக் கையசைப்பான். பத்திரிகைகள் உன் கையைப் புகழ்ந்து எழுதின. நல்ல கைதான், யார் இல்லை என்றது? ஆனாலும் கோபித்துக்கொள்ளாதே, அந்தப் புகழில் பாதி அவர்கள் கால்களுக்கு.

பிறகு யார் கண் பட்டதோ. ஒருவனுக்கு முழங்கால் போயிற்று. ஒருவனுக்குத் தோள் எலும்பு. ஒருவன் கணுக்காலில் கட்டோடு நொண்டுகிறான். இன்னொருவன், நாலு ஆட்டத்தோடு நின்றுகொண்டால் இந்த வருடம் கணக்கில் சேராது, வேறு காலேஜில் புதிதாகத் தொடங்கலாம் என்று மூட்டையைக் கட்டிவிட்டான். மிச்சம் இருப்பது டேரியனும், பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற அந்த முதலாமாண்டுப் பையனும்தான்.

நான் புத்தகம் படித்து ஆட்டம் கற்றவள் இல்லை. ஆனால் இப்போது நடப்பது என் கண்ணுக்கே தெரிகிறது. டேரியனைச் சுற்றி இரண்டு பேர், நடுவில் மூன்றாமவன் ஒருவன் காத்திருக்கிறான். இரண்டு பேருக்கு இடையில் வழி இல்லாததால் நீ பந்தை உயரமாக எறிகிறாய். அவன் இரண்டு கையையும் நீட்டித் தாவுகிறான். அப்படித் தாவுகிறவனுக்கு நெஞ்சும் தலையும் திறந்து கிடக்கும். அந்த மூன்றாமவன் அதற்குத்தான் காத்திருக்கிறான். இப்போதெல்லாம் என் பிள்ளை பெஞ்சில் உட்காருவதே இல்லை, கூட்டத்தில் என்னைத் தேடுவதும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் விழுந்தானே, அதைச் சொல்ல வருகிறேன். முட்டி மோதிய சத்தம் மேல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. மல்லாந்து கிடந்தவனின் ஒரு கை மட்டும் விறைத்து அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்தான். எழுந்து எதிரணியின் பெஞ்சைப் பார்த்து நடந்தான். நீதான் ஓடிப்போய்த் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கூட்டி வந்தாய். என்ன நட்பு பாருங்கள் என்று டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவன் எந்தப் பக்கம் நடந்தான் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், வைலி.

பரிசோதனையில் தேறிவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேறாமல் என்ன செய்வான்? ஆகஸ்ட்டில் நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டு மேசையில் மீன் வறுவலைக் காலி செய்துகொண்டே சொன்னது மறந்துவிட்டதா? சீசன் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் ஞாபக சக்திப் பரிசோதனை வைத்தார்களாம், தலையில் அடிபட்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. நீதான் வாய் நிறையச் சோற்றோடு சொன்னாய்: “நாங்க எல்லாரும் வேணும்னே தப்புத் தப்பா போட்டுட்டோம், மிஸ் வெர்னெல். இனிமே மண்டை உடைஞ்சாலும் அதே மார்க்குதான் வரும்.” டேரியன் மேசையைத் தட்டிச் சிரித்தான். “இவன் மட்டும் உண்மையாவே எழுதினான்மா, அப்பவும் அதே மார்க்குதான்,” என்று உன்னைக் கிண்டல் செய்தான். கிறுக்குப் பயல்களா என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு மீன் வைத்தேன்.

இப்போது வந்த மார்க்கும் ஆகஸ்ட் மார்க்கும் ஒன்றாக இருக்கிறதாம். அதனால் அவன் நலமாம்.

நேற்று அவன் வந்திருந்தான். நீ வரவில்லை, உன் காதலி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னான், போகட்டும். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளிச்சம் கூசுகிறதாம். கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, இனிப்புக்குப் பீக்கன் பை எல்லாம் வழக்கம்போல் வெளுத்துக்கட்டினான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறைக்கு வந்து நின்று, “எப்பம்மா சாப்பாடு? பசிக்குது,” என்றான். கியாரா, “ஏன்டா, வயிறா அது, கிணறா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவனும் சிரித்தான். அவனுக்கு வேடிக்கை புரியவில்லை என்பதை நான் பார்த்தேன். மறுபடியும் தட்டு வைத்தேன். அதையும் சாப்பிட்டான்.

கார் ஏறும்போது கேட்டேன், ஆகஸ்ட்டில் செய்ததைப் போய்ச் சொல்லிவிடேன்டா என்று. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் சொன்னா வைலியும்தானே மாட்டுவான்? அடுத்த வருஷம் சம்பளம் குடுக்கிற பெரிய டீமுக்கு அவனை எடுக்க எத்தனை பேர் வந்து பார்த்துட்டுப் போறாங்க தெரியுமா? வாயத் திறந்தீங்கன்னா இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்,” என்றான். உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இது உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அவன் மிரட்டினால் நான் பயந்துவிடுவேனா? இன்று காலையே அணியின் மருத்துவருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளை பெரியவனாம், அவன் கையெழுத்து இல்லாமல் அவன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசக் கூடாதாம். ஆகஸ்ட் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். “அம்மா, உங்க பையன்கிட்ட கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவான். அவனே சொல்லணும், இல்லேன்னா கூட இருந்தவங்க யாராவது என் முன்னாடி வந்து சொல்லணும்,” என்றார். கூட இருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் அவரிடம் போய்ச் சொல்லு. என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன்னையும் உட்கார வைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் பார்க்காமல் போவார்கள். உன் அம்மா என்னைச் சபிப்பார், அவர் இடத்தில் இருந்தால் நானும் சபிப்பேன். அப்படியும் கேட்கிறேன்.

அது உன்னால் முடியாவிட்டால், இதையாவது செய். மைதானத்தின் நடுவில் அவன் கையை உயர்த்திக்கொண்டு ஓடுவான், எனக்கு எறி என்று. எறியாதே. அந்தச் சின்னப் பையனுக்கு எறி, அவன் நழுவவிடட்டும். கோட்டுக்கு வெளியே எறி. உன்னையே கீழே தள்ளினாலும் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழு. கூட்டம் கூச்சல் போடும், டேரியன் உன் சட்டையைப் பிடித்துச் சண்டைக்கு வருவான். வரட்டும். என்னோடு சண்டை போட அவன் தலை நன்றாக இருந்தால் போதும்.

நாளைக்கே கிடைக்கும்படி எக்ஸ்பிரஸில் போடுகிறேன். மிட்டாய் உடைந்திருந்தால் திட்டாதே. சனிக்கிழமை வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ எறிந்த எதையும் அவன் எட்டிப் பிடிக்காமல் விட்டதில்லை, வைலி. பந்து உன் கையை விட்டுப் போகாதவரைக்கும்தான் எனக்கு மூச்சு வரும்.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வாருங்கள். இரண்டு தட்டு வைப்பேன், ஆளுக்கு ஒன்று.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெர்னெல் காஸ்கின்